டெங்கி வைரஸைச் சுமக்கும் கொசுவுக்கு ஏன் எதுவும் ஆவதில்லை?

ஈசூன்வாசி எழுதியது:

எங்கள் புளோக்குக்குக் கீழே சிவப்புப் பதாகை கட்டியிருக்கிறார்கள். பக்கத்து புளோக்கையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் டெங்கி. உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "நம்மையே படுக்கையில் தள்ளுகிற வைரஸ், அவ்வளவு சின்னக் கொசுவை ஏன் கொல்வதில்லை?"

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நோயாளியைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்குப் பரப்பாது, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அந்த ஒரு வாரமும் வைரஸ் கொசுவுக்குள் என்ன செய்கிறது? பூச்சட்டித் தட்டைக் கவிழ்ப்பது, வாளியைக் காயவைப்பது எல்லாம் அம்மாக்களுக்கு மனப்பாடம். கொசுவின் உள்ளே நடப்பதைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தஞ்சைக்காரன் எழுதியது:

நான் பூச்சி ஒழிப்பு வேலையில் இருக்கிறேன். கட்டுமானத் தளங்களுக்கு மருந்தடிக்கப் போனால் நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான்: காய்ச்சல்காரரைக் கடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரைக் கடித்தால் ஒட்டிக்கொள்ளுமா? கொசுவைப் பறக்கும் ஊசி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பயிற்சியில் அப்படி இல்லை என்றார்கள், காரணம் சொல்லவில்லை. நானும் காத்திருக்கிறேன்.

பூச்சியகம் எழுதியது:

ஈசூன்வாசி அக்கா, கொசு வளர்ப்பதும், வைரஸ் கலந்த இரத்தத்தை அதற்கு ஊட்டுவதும், பிறகு அறுத்துப் பார்ப்பதும்தான் என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பறக்கும் ஊசி. கொசு வெறும் ஊசியாக இருந்தால் எச்ஐவியும் கொசுக்கடியில் பரவியிருக்க வேண்டும். பரவுவதில்லை. எச்ஐவியால் கொசுவின் செல்லுக்குள் புகுந்து பெருக முடியாது, குடித்த இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகும். டெங்கி வைரஸோ இரத்தம் செரித்து முடிவதற்குள் குடல் செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. எல்லா வேறுபாடும் அங்கேதான் தொடங்குகிறது.

டெங்கியைப் பரப்பும் பெண் ஏடிஸ் கொசு ஒரு வேளைக்குக் குடிப்பது சில மைக்ரோலிட்டர் இரத்தம். அது நடுக்குடலுக்குப் போனதும் சுற்றிலும் ஒரு மெல்லிய உறை உண்டாகும், செரிமான நொதிகள் சுரக்கும். இரண்டு மூன்று நாளில் இரத்தம் காணாமல் போய்விடும். அதற்குள் வைரஸ் குடல் சுவரை எட்டியாக வேண்டும். உள்ளே போனவற்றில் மிகச் சிலவற்றுக்கே அது வாய்க்கிறது.

அறுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். குளிரில் மயங்கவைத்த கொசுவைக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு உப்புக்கரைசலில் கிடத்தி, மார்பை ஓர் ஊசியால் அழுத்திக்கொண்டு, வயிற்றின் கடைசி வளையத்தை இன்னோர் ஊசியால் மெல்ல இழுத்தால் குடல் அறுபடாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வைரஸின் மேலுறைப் புரதத்தில் மட்டும் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் எதிர்ப்பொருளைச் சேர்த்து நுண்ணோக்கியில் வைப்போம். இரத்தம் குடித்த இரண்டு மூன்று நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள். ஒரு வாரம் கழித்து அறுத்த கொசுவில் குடலின் பெரும்பகுதி பச்சை. ஒரு செல்லில் தொடங்கி அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் படர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடனே புரியும்.

அப்புறம் அடுத்த தடை. குடலின் வெளிப்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் அடித்தளப் படலம். அதன் துளைகள் வைரஸைவிடச் சிறியவை. அதையும் தாண்டினால்தான் உடற்குழி, கொழுப்புத் திசு, நரம்பு, கடைசியாக உமிழ்நீர்ச் சுரப்பி. சுரப்பிக்குள் நுழைவதும், அங்கிருந்து உமிழ்நீரில் வெளிவருவதும் தனித்தனிச் சவால்கள். குடலோடு வைரஸ் நின்றுபோன கொசுக்களும் உண்டு. அவை யாருக்கும் நோய் தருவதில்லை. அதனால்தான் ஆய்வகத்தில் குடலைத் தனியாகவும், தலையையும் கால்களையும் தனியாகவும் சோதிக்கிறோம். காலில் வைரஸ் இருந்தால் அது குடலைத் தாண்டிவிட்டது என்று பொருள். உமிழ்நீர் வேண்டும் என்றால், காலும் சிறகும் நீக்கிய கொசுவின் உறிஞ்சுகுழலை ஒரு நுண்குழாய் முனைக்குள் செருகி அதில் உமிழவைப்போம்.

இத்தனைக்கும் ஆகிற நாள்தான் நீங்கள் கேட்ட அந்த ஒரு வாரம். வெப்பம் கூடினால் சுருங்கும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட ஒரு கணக்கில் 25 பாகை செல்சியஸில் சராசரியாக 15 நாள், 30 பாகையில் ஆறரை நாள். நம் சிங்கப்பூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

உயிரியல் ஆசான் எழுதியது:

அருமையான விளக்கம். பழைய வரலாறு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த இடைவெளியை முதலில் கண்டுபிடித்தவர் நுண்ணோக்கியில் எதையும் பார்க்கவில்லை. 1898இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற மருத்துவர் தனித்தனியாகக் கிடந்த பண்ணை வீடுகளில் யார் எந்த நாளில் படுத்தார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். ஒரு வீட்டில் முதல் நோயாளி வந்த பிறகு, அடுத்த ஆள் படுக்க இரண்டு வாரம் அளவுக்கு இடைவெளி விழுவதைக் கண்டார். மனித உடலில் நோய் வெளிப்பட ஆகும் சில நாளைக் கழித்தாலும் மிச்சம் நிறைய இருந்தது. அந்த நாள்கள் கொசுவுக்குள் கழிந்தவை என்பதை 1900இல் வால்டர் ரீட் குழு கியூபாவில் உறுதிசெய்தது. பொறுமையாக எழுதிய ஒரு நாட்குறிப்பிலிருந்து இத்தனை பெரிய உண்மை வெளிவந்ததை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பூச்சியகத்துக்கு ஒரு கேள்வி. மனிதச் செல்லும் கொசுச் செல்லும் முற்றிலும் வேறு. வெப்பம் வேறு, சவ்வுக் கொழுப்பு வேறு. ஒரே வைரஸ் இரண்டிலும் எப்படி வேலை செய்கிறது?

தஞ்சைக்காரன் எழுதியது:

அப்படியென்றால் கிழட்டுக் கொசுதான் ஆபத்தானது, சரியா? புதிதாகப் பறக்க ஆரம்பித்த கொசு கடித்தால் டெங்கி வராது?

பூச்சியகம் எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. வெளியில் ஏடிஸின் ஆயுள் இரண்டு மூன்று வாரம் இருந்தாலே பெரிது. நோயாளியைக் கடித்த பிறகு வைரஸ் உமிழ்நீருக்கு வரும்வரை உயிரோடிருக்கும் கொசுக்கள் சிறுபான்மைதான். அந்தச் சிறுபான்மைதான் ஒரு வட்டாரத்தையே படுக்கவைக்கிறது. கொசுவின் ஆயுளைச் சில நாள் குறைத்தாலே நோய் பரவுவது பல மடங்கு குறையும் என்று கணக்குப் போட்டவர்கள் சொல்வது இதனால்தான். டெங்கி கண்ட இடத்தில் நீங்கள் வீட்டுக்குள் மருந்தடிப்பது அந்த வயதான கொசுக்களுக்காகத்தான்.

ஒரு சேதி இதில் கவலை தருகிறது. கொசு ஒரு முறை குடித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, சில நாளில் மறுபடியும் இரத்தம் தேடும். ஆய்வகங்களில் நெடுங்காலம் ஒரே ஒரு வேளை இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வேளை கொடுத்துப் பார்த்ததில் குடல் உப்பி, நான் மேலே சொன்ன அடித்தளப் படலத்தில் நுண்ணிய கிழிசல்கள் விழுந்து, வைரஸ் முன்னதாகவே வெளியேறியது. இதை 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அப்படியானால் உண்மையான காத்திருப்புக் காலம் நாம் எண்ணியதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

ஆசான் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். டெங்கி வைரஸின் மரபுச் சரம் ஏறத்தாழ 10,700 எழுத்து நீளமுள்ள ஒற்றை ஆர்என்ஏ. அதிலிருந்து பத்துப் புரதங்கள்தான் கிடைக்கின்றன. மூன்று உடலைக் கட்ட, ஏழு உள்ளே வேலை செய்ய. இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு இரண்டு வேறு உலகங்களில் வாழ வேண்டும் என்றால், இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பிடிக்க முடியும். அதைத்தான் செய்கிறது.

செல்லின் மேற்பரப்பில் ஒட்டியதும் செல்லே அதை ஒரு பைக்குள் உள்ளிழுக்கிறது. எந்தச் செல்லும் உணவை உள்ளே கொண்டுபோகும் வழி அது, நமக்கும் கொசுவுக்கும் ஒன்றுதான். பைக்குள் அமிலம் ஏறியதும் வைரஸின் மேலுறைப் புரதம் வடிவம் மாறி, பையின் சவ்வோடு கலந்து, ஆர்என்ஏயை வெளியே கொட்டுகிறது. அடுத்து எண்டோபிளாச வலை, செல்லுக்குள் புரதமும் கொழுப்பும் தயாராகும் சவ்வு வலை. அதன் சவ்வை உட்புறமாகக் குழித்துச் சின்னச் சின்ன அறைகள் செய்து, அதற்குள் ஒளிந்துகொண்டு தன் சரத்தைப் படி எடுக்கிறது. படி எடுக்கும்போது உண்டாகும் இரட்டைச் சரத்தைச் செல் மோப்பம் பிடித்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த அறை.

சவ்வு செய்யக் கொழுப்பு வேண்டும். வைரஸ் புகுந்த கொசுச் செல்லில் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் வேலை அந்த அறைகளின் பக்கமாக இழுக்கப்படுவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த நொதியை மருந்தால் தடுத்தால் வைரஸ் பெருகுவது குறைகிறது. பூச்சிகளால் கொலஸ்டிராலைச் சொந்தமாகத் தயாரிக்கவே முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே கொசுச் செல்லுக்குள் கொலஸ்டிரால் எப்போதும் பற்றாக்குறைப் பொருள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈசூன்வாசி எழுதியது:

மகளும் உட்கார்ந்து படிக்கிறாள். ஆனால் அவள் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. செல்லுக்குள் புகுந்து, சவ்வைக் குழித்து, கொழுப்பைத் திருடி இவ்வளவும் செய்த பிறகு அந்தச் செல் சாக வேண்டாமா?

பூச்சியகம் எழுதியது:

நம் செல்லாக இருந்தால் சாகும். இரண்டு குடுவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வீரோ செல், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. 37 பாகையில், கரியமில வாயு கொடுத்து வளர்க்க வேண்டும். இன்னொன்றில் ஏடிஸ் கொசுவின் செல். 28 பாகை போதும், தனியாக வாயுவும் வேண்டாம். இரண்டிலும், ஏடிஸ் கொசுக்களே பரப்பும் இன்னொரு வைரஸான சிக்குன்குனியாவை விடுங்கள். இரண்டு மூன்று நாளில் வீரோ செல்கள் உருண்டு திரண்டு, தரையிலிருந்து கழன்று மிதக்கும். கொசுச் செல் குடுவையைப் பார்த்தால் வைரஸ் விட்டதே தெரியாது. செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும், மேலே இருக்கும் திரவத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அதே செல்களை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் வளர்க்கலாம், வைரஸும் வந்துகொண்டே இருக்கும்.

உலகம் முழுக்க இந்த வேலைக்குப் பயன்படும் கொசுச் செல் வரிசை நம் பக்கத்தில் பிறந்தது. 1967இல் பூனாவில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்தில் கே. ஆர். பி. சிங் என்பவர் ஆசியப் புலிக்கொசு என்ற ஏடிஸ் வகையின் புழுக்களிலிருந்து எடுத்து வளர்த்தது. அதிலிருந்து 1978இல் இகராஷி என்ற ஜப்பானியர் பிரித்தெடுத்த சி6/36 என்ற வகை இன்றைக்கும் வைரஸ் ஆய்வகங்களில் இருக்கிறது.

ஏன் சாவதில்லை என்பதற்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி நம்மைப் பற்றியது. டெங்கியில் நமக்கு வரும் காய்ச்சல், உடல்வலி, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது எல்லாம் பெரும்பகுதி நம் எதிர்ப்பு மண்டலம் கொட்டும் வேதிப்பொருள்களால் வருபவை. இரத்தத்தில் வைரஸ் குறைந்து காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் பலருக்கு நிலைமை மோசமாகிறது என்பதை மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். வைரஸ் வந்ததை மற்றச் செல்களுக்கு அறிவிக்கும் நம் இன்டர்ஃபெரான் புரதம் கொசுவுக்குக் கிடையாது, நம்முடையதைப் போன்ற எதிர்ப்பொருளும் கிடையாது. தன்னையே எரித்துக்கொள்ளும் அந்தப் பதிலடி அதனிடம் இல்லை.

மறுபாதி நாளைக்கு எழுதுகிறேன், அதுதான் முக்கியம்.

உயிரியல் ஆசான் எழுதியது:

என் ஊகத்தைச் சொல்கிறேன். வைரஸும் கொசுவும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து பழகிவிட்டன. தன்னைச் சுமப்பவரைக் கொன்றால் வைரஸுக்குத்தான் நட்டம். ஆகவே வைரஸ் கொசுவிடம் சாதுவாகிவிட்டது. இவ்வளவுதானே?

பூச்சியகம் எழுதியது:

ஐயா, பாடநூல்களில் நெடுநாள் இருந்த கருத்துதான். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், விடை வேறாக வந்தது.

வைரஸின் இரட்டைச் சர ஆர்என்ஏ கண்ணில் பட்டதும் கொசுச் செல்லில் டைசர்-2 என்ற புரதம் அதை 21 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளை ஆர்கோனாட்-2 என்ற இன்னொரு புரதம் ஏந்திக்கொண்டு, அதே எழுத்து வரிசை உள்ள வைரஸ் சரம் எங்கே கிடைத்தாலும் வெட்டிப்போடுகிறது. ஒரு வைரஸ் வந்தால் அந்த வைரஸுக்கென்றே செய்த ஆயுதம், அதுவும் அதன் உடலிலிருந்தே எடுத்தது.

2008இல் வெளிவந்த ஒரு சோதனையில், சிக்குன்குனியாவின் உறவுக்கார வைரஸான சிண்ட்பிஸுக்குள் இந்த ஆயுதத்தை முடக்கும் ஒரு புரதத்தைச் செருகி ஏடிஸ் கொசுக்களுக்குச் செலுத்தினார்கள். சாதாரண சிண்ட்பிஸைத் தாங்கிக்கொண்டு வாழும் கொசுக்கள், இதை ஏற்றபோது பெருமளவில் செத்தன. அந்த வைரஸில் சாதுத்தனம் எதுவும் இல்லை. கொசு ஒவ்வொரு நாளும் அதை வெட்டி வெட்டி அடக்கிவைத்திருந்தது. அடக்குவதை நிறுத்தினால் கொசுவும் நம்மைப்போல் சாகும்.

அக்கா, உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். கொசுவுக்கு எதுவும் ஆகாமல் இருக்கக் காரணம், அது வாழ்நாள் முழுக்க வைரஸோடு போராடிக்கொண்டிருப்பதுதான். முழுதாக வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. நமக்கு வரும் டெங்கி அந்த இழுபறியிலிருந்து மிஞ்சி வருவது.

உயிரியல் ஆசான் எழுதியது:

இது என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஆனால் ஒன்று இடிக்கிறதே. நீங்கள் சொன்ன சி6/36 செல்லில் டைசர்-2 பழுதடைந்திருப்பதாகப் படித்திருக்கிறேன். ஆயுதம் இல்லாத செல் செத்திருக்க வேண்டாமா?

பூச்சியகம் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி ஐயா. ஆம், அதில் டைசர்-2 வேலை செய்வதில்லை. அதனால்தான் எந்த வைரஸும் அதில் கொழித்து வளர்கிறது, நாங்களும் அதை விரும்புகிறோம். சில டெங்கி வகைகள் அந்தச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய கூழாக்கிச் சிதைக்கவும் செய்கின்றன. ஆனாலும் பெரும்பாலும் தாங்குகிறது. கொசுக்களிடம் இரண்டாவது ஒரு வழி உண்டு. 24 முதல் 30 எழுத்து நீளமுள்ள, பிவி ஆர்என்ஏ எனப்படும் துண்டுகள். இவை பல பூச்சிகளில் மரபணுவுக்குள் குதித்துத் திரியும் வேண்டாத துண்டுகளை அடக்கத்தான் பயன்படுகின்றன. ஏடிஸில் வைரஸையும் வெட்டுகின்றன. சி6/36 செல்லில் இந்த வழி உயிரோடிருக்கிறது.

இன்னொரு வியப்பு. வைரஸ் ஆர்என்ஏயின் சில பகுதிகளைக் கொசு டிஎன்ஏயாகப் படியெடுத்து வைத்துக்கொள்கிறது. அந்த டிஎன்ஏயிலிருந்து எதிர்த்துண்டுகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். 2016இல் இந்தப் படியெடுப்பை மருந்து கொடுத்துத் தடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் ஏற்ற கொசுக்கள் தாங்க முடியாமல் செத்தன. ஏடிஸின் மரபணுத் தொகுதியில் பழைய வைரஸ்களின் துண்டுகள் நிரந்தரமாகவே பதிந்து கிடக்கின்றன.

வைரஸும் சும்மா இல்லை. அதன் ஆர்என்ஏயைச் செல்லின் ஒரு நொதி ஒரு முனையிலிருந்து தின்றுகொண்டே வரும். கடைசிப் பகுதியில் சரம் இறுக்கமாக முடிச்சிட்டிருப்பதால் நொதி அங்கே நின்றுவிடும். மிஞ்சும் துண்டு குப்பை அல்ல, கொசுவின் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் கருவி. இங்கே ட்யூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியில் செய்து 2017இல் வெளியான ஆய்வு, அந்தத் துண்டு உமிழ்நீர்ச் சுரப்பியில் சேர்ந்து அங்குள்ள எதிர்ப்பைக் குலைத்து, உமிழ்நீரில் வைரஸ் கூட வழிசெய்வதைக் காட்டியது. நம் ஊரில் நடந்த வேலை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தேக்கா கடைக்காரர் எழுதியது:

சிக்குன்குனியா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2008 தொடக்கத்தில் லிட்டில் இந்தியா கிளைவ் ஸ்திரீட்டில்தான் சிங்கப்பூரிலேயே அது முதன்முதலாக உள்ளூரில் பரவியது. கடைகடையாக வந்து இரத்தம் எடுத்தார்கள், சந்து பொந்தெல்லாம் மருந்தடித்தார்கள். அப்போது கொஞ்சப் பேரோடு அடங்கிவிட்டது. ஆனால் அதே ஆண்டு பிற்பாதியில் ஊர்ப்புறமாகப் பார்த்துப் பரவியது. அதென்ன, முதலில் அடங்கியது மறுபடி எப்படிக் கிளம்பியது?

பூச்சியகம் எழுதியது:

அண்ணா, அது வேறு கொசு, ஒரே ஒரு எழுத்து மாறிய வைரஸ்.

கிளைவ் ஸ்திரீட்டில் பரவியது பழைய வகை, வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்தியில் வளர்வது. பிற்பாதியில் வந்த வைரஸில் மேலுறைப் புரதம் ஒன்றின் 226ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் இருந்தது. அந்த மாற்றம் முன்பே இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2005, 2006இல் தெரிந்தது. அங்கே மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் வந்தது. அந்தத் தீவில் அதைப் பரப்பியது ஆசியப் புலிக்கொசு, தோட்டத்திலும் புதரிலும் வாழ்வது. பழைய வைரஸுக்குப் புலிக்கொசுவின் குடலைத் தாண்டுவது கடினம். புதியது எளிதாகத் தாண்டியது. பையின் சவ்வோடு கலக்க எவ்வளவு கொலஸ்டிரால் வேண்டும் என்பதையும் அந்த ஒரு மாற்றம் பாதிக்கிறது. 2007இல் கேரளத்தின் ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும் இதுவே. மரம் செடி நிறைந்த நம் ஊரில் புலிக்கொசுவுக்குக் குறையே இல்லை.

முதலில் சொன்னேனே, குடல் சுவர் ஒரு தடை என்று. அந்தத் தடை ஓர் அமினோ அமிலத்தில் உடைந்ததால் எத்தனை குடும்பங்கள் மூட்டுவலியோடு மாதக்கணக்கில் கிடந்தன என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

தெம்பனிஸ் வாசகி எழுதியது:

எங்கள் வட்டாரத்தில் வோல்பாக்கியா கொசு விடுகிறார்கள். அந்தக் கிருமி கொசுவுக்குள் வைரஸை வளரவிடாது, அதனால்தான் விடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இங்கே படித்ததோடு அது ஒத்துவருகிறது. சரிதானா?

பூச்சியகம் எழுதியது:

பாதி சரி, அந்தப் பாதி இங்கே நடப்பதில்லை. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

வோல்பாக்கியா பூச்சிச் செல்லுக்குள் மட்டும் வாழும் பாக்டீரியா. நமக்குத் தொற்றாது. எத்தனையோ பூச்சிகளில் இயல்பாகவே உண்டு, ஏடிஸ் எஜிப்தியில் கிடையாது. அதைக் கொண்டு இரண்டு விதமாக வேலை வாங்கலாம்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பெண் கொசுக்களையும் சேர்த்தே விட்டார்கள். தாயிடமிருந்து முட்டைக்குப் போய், நாளடைவில் ஊர்க்கொசு முழுக்க வோல்பாக்கியாக் கொசுவாக மாறியது. அந்தக் கொசுவின் செல்லில் டெங்கி வைரஸ் சரியாக வளர்வதில்லை. கொலஸ்டிராலுக்குப் போட்டி, செல்லின் எதிர்ப்பு முன்கூட்டியே விழித்திருப்பது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். மேலே நான் நினைவில் வைக்கச் சொன்ன பற்றாக்குறை இங்கேதான் வருகிறது. அங்கே டெங்கி 77 விழுக்காடு குறைந்ததை 2021இல் வெளியிட்டார்கள்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016இல் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் பகுதிகளில் தொடங்கியது வேறு வழி. இங்கே விடுவது ஆண் கொசு மட்டும். ஆண் கடிக்காது. வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. கொசுவின் எண்ணிக்கையே குறைகிறது. ஓராண்டுக்கு மேல் விட்ட பகுதிகளில் டெங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. வைரஸைச் செல்லுக்குள் தடுப்பது இந்தத் திட்டத்தின் நோக்கம் அல்ல.

எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் விடுவதை நிறுத்தினால் வெளியிலிருந்து கொசு மறுபடி வரும், ஆகவே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றும் வழியில் அந்தத் தொல்லை குறைவு, பதிலுக்குக் கடிக்கும் கொசு அப்படியே இருக்கும். வைரஸ் நாளைக்கு அதற்கும் ஒரு மாற்றுவழி காணுமா என்று கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். 226ஆவது இடத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை இயல்புதான்.

ஈசூன்வாசி எழுதியது:

ஒரே வீட்டில் மூன்று நான்கு பேர் சேர்ந்து படுப்பதைப் பார்க்கிறோம். எங்கள் மாடியிலும் அப்படித்தான். ஒரே கொசுவாக இருக்குமா?

பூச்சியகம் எழுதியது:

இருக்கலாம் அக்கா. 2022இல் இங்குள்ள ஆய்வாளர்களே கொசுக்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். டெங்கி ஏறிய கொசுக்கள் சோதனைக்கு வைத்த எலிகளை அதிகம் நாடின. குடிப்பதிலும் தடுமாறின. ஒரே குத்தில் நிறையக் குடிக்க முடியாமல் பலமுறை குத்தின. ஒவ்வொரு குத்திலும் உமிழ்நீர் இறங்குகிறது. உள்ளே அவ்வளவு அடக்கிவைத்தும், கொசுவின் நடத்தை வரைக்கும் வைரஸின் கை நீள்கிறது.

தஞ்சைக்காரன் எழுதியது:

கடைசியாக ஒன்று. வைரஸ் உள்ள கொசு இட்ட முட்டைக்கும் வைரஸ் போகுமா? வாளியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே கவிழ்த்துவைக்கிறார்கள். உள்சுவரில் ஒட்டிய முட்டை அங்கேயே இருக்கிறது.

பூச்சியகம் எழுதியது:

போகும், ஆனால் மிகக் குறைந்த அளவில். அப்படிப் பிறந்த பெண் கொசு குடல் தடை, படலத் தடை எதையும் தாண்டக் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் கடியிலேயே பரப்ப வாய்ப்புண்டு. ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே அண்ணா, கொட்டிக் கவிழ்ப்பது போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் முட்டை ஒட்டியிருக்கும், அந்த இடத்தைத் தூரிகையால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சைக்காரன் எழுதியது:

நாளைக்குக் காலையில் தளத்தில் எல்லாருக்கும் தமிழிலும் வங்காளத்திலும் சொல்லிவிடுகிறேன். வங்காளத்துக்கு ஒரு தம்பி இருக்கிறான்.